இணையத் தடையும் அந்தரங்கமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் இணையத்தில் எதை யார் தடுக்கலாம், நம் போனை யார் பார்க்கலாம் என்று பலரும் கேட்கிறார்கள். மாணவர்கள், யூடியூப் சேனல் நடத்துபவர்கள், ஊர்ப் பிரச்சினைக்கு ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமை) மனு போடுபவர்கள் என்று பல தரப்பு. பதில்களை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். சட்ட நிலவரம் 2025 நவம்பர் வரையிலானது. நான் வழக்கறிஞர் இல்லை. நோட்டீஸ் கையில் வந்துவிட்டால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஒரு தளம் திறக்கவில்லை. அரசு தடுத்திருக்கிறதா, தளமே படுத்துவிட்டதா? எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் வேறொரு இணைப்பில் திறந்து பாருங்கள். மொபைல் டேட்டாவில் திறக்காத தளம் பக்கத்து வீட்டு பிராட்பேண்டில் திறந்தால், தளம் நன்றாகத்தான் இருக்கிறது, நடுவில் யாரோ வழிமறிக்கிறார்கள் என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம்.

வழிமறிப்பதற்குப் பல வழிகள் உண்டு. தளத்தின் பெயரைத் தட்டியதும் உங்கள் இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம்தான் போன் முகவரி எண்ணைக் கேட்கும். அது பொய்யான எண்ணைக் கொடுக்கலாம், எதுவுமே கொடுக்காமலும் இருக்கலாம். டிஎன்எஸ்ஸை மாற்றிக்கொண்டாலும் தப்ப முடியாத வழி இன்னொன்று. பூட்டுப் படம் போட்ட பாதுகாப்பான இணைப்பிலும், இணைப்பு தொடங்கும் அந்த ஒரு நொடியில் தளத்தின் பெயர் மட்டும் பெரும்பாலும் திறந்தபடியே போகும். நிறுவனத்தின் கருவி அதைப் படித்துவிட்டு இணைப்பை அறுத்துவிடும். உங்களுக்கு 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்ற பொருளில் ஒரு பிழைச் செய்தி வரும். நெட் மெதுவாக இருக்கிறது போல என்று நீங்களும் போனை மூடி வைத்துவிடுவீர்கள்.

சில நிறுவனங்கள் 'அரசின் உரிய அதிகாரியின் உத்தரவுப்படி தடுக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரியாவது காட்டுகின்றன. பல நிறுவனங்கள் அதுவும் காட்டுவதில்லை. எந்த முறையில் தடுப்பது என்பதை நிறுவனமே முடிவு செய்வதால் ஒரு நிறுவனத்தில் அடைபட்டது இன்னொன்றில் திறக்கும். ஊனி புரோப் என்ற இலவசச் செயலி இதைச் சோதித்துச் சொல்லும். ஆனால் அதன் முடிவுகள் பொதுவெளியில் பதிவாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

எந்தச் சட்டத்தில் தடுக்கிறார்கள்?

மூன்று வாசல்கள் இருக்கின்றன.

முதலாவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69ஏ பிரிவு. 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு இதைப் பயன்படுத்த நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, வெளிநாட்டு நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான குற்றத்துக்குத் தூண்டுவதைத் தடுப்பது ஆகிய காரணங்களில் ஒன்று வேண்டும். அவதூறு அந்தப் பட்டியலில் இல்லை. ஆபாசமும் இல்லை. ஒரு அமைச்சரின் மனம் புண்பட்டது என்பது நிச்சயமாக இல்லை. டிக்டாக் உட்பட 59 செயலிகள் 2020 ஜூன் 29 அன்று போனது இந்த வாசல் வழியாகத்தான். நாடாளுமன்றத்தில் அரசே கொடுத்த கணக்குப்படி 2018-இல் 2,799 இணைய முகவரிகள் தடுக்கப்பட்டன. 2020-இல் அது 9,849 ஆனது.

இரண்டாவது, அதே சட்டத்தின் 79(3)(பி). இது நேரடியாகத் தடை விதிக்கும் பிரிவு கிடையாது. 'இந்தப் பதிவு சட்டவிரோதம் என்று சொல்லிவிட்டோம், நீக்காவிட்டால் உங்களுக்கான சட்டப் பாதுகாப்பு போய்விடும்' என்று தளங்களுக்கு அரசு சொல்ல வழிசெய்யும் பிரிவு. உள்துறை அமைச்சகத்தின் சகயோக் தளம் 2024 அக்டோபரில் வந்த பிறகு பல துறைகளும் மாநிலக் காவல் துறைகளும் இதன் வழியே நீக்கக் கோரிக்கைகளை அனுப்ப முடிகிறது. 69ஏ-வில் தடைக் கோரிக்கையை ஆராய ஒரு குழுவும் விசாரணையும் உண்டு, அது எதுவும் இங்கே இல்லை என்று எக்ஸ் நிறுவனம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2025 செப்டம்பர் 24 அன்று அந்த மனு தள்ளுபடியானது. அதன்பின் விதியைத் திருத்தி, இணைச் செயலர் அந்தஸ்துக்கும், காவல் துறை என்றால் டிஐஜி அந்தஸ்துக்கும் குறையாதவர்கள் மட்டுமே இப்படிக் கோரலாம் என்று ஆக்கியிருக்கிறார்கள். முன்பு யார் யார் கையெழுத்துப் போட்டிருப்பார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நீதிமன்ற உத்தரவு. இதில் நம் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. படம் வெளியாகும் முன்பே, திருட்டுப் பிரதி போடப்போகும் பெயர் தெரியாத ஆட்கள் மீது வழக்குப் போட்டுத் தடை வாங்குவார்கள். பெயர் தெரியாத அந்த எதிர்மனுதாரருக்கு இந்திய நீதிமன்றங்களில் 'அசோக் குமார்' என்று பெயர். 2012-இல் அப்படிச் சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ஆணையைக் காட்டி வீடியோ தளமான விமியோ போன்றவற்றையே முழுசாக அடைத்தார்கள். குறிப்பிட்ட பக்கத்தைத்தான் தடுக்கலாம், முழுத் தளத்தையும் இல்லை என்று நீதிமன்றம் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. ஆனாலும் 2017 ஆகஸ்டில் இன்னொரு ஆணையில் 2,600-க்கும் மேற்பட்ட தளங்களோடு சேர்ந்து, பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவும் சில நாள் அடைபட்டுக் கிடந்தது.

தடை ஆணையின் நகலை ஏன் யாரும் காட்டுவதில்லை?

என்னைக் கேட்டால் மொத்த விவகாரத்திலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

69ஏ-வின் கீழ் 2009-இல் வகுத்த விதிகளில் 16-ஆவது விதி, புகார்களையும் அவற்றின் மீதான நடவடிக்கைகளையும் கண்டிப்பாக ரகசியமாக வைக்கச் சொல்கிறது. ஆர்டிஐ-யில் கேட்டால் இந்த விதியைக் காட்டித்தான் மறுப்பார்கள். பதிவு போட்டவருக்கு அல்லது அதை வைத்திருக்கும் நிறுவனத்துக்குக் குறைந்தது 48 மணி நேர அவகாசத்தோடு நோட்டீஸ் கொடுத்துக் கேட்க வேண்டும் என்று 8-ஆவது விதி சொல்கிறது. நடைமுறையில் அந்த 'அல்லது' வசதியாகிவிட்டது. நிறுவனத்துக்கு மட்டும் நோட்டீஸ் போகும், எழுதியவருக்கு எதுவும் தெரியாது. அவசரம் என்று 9-ஆவது விதியைப் பிடித்துக்கொண்டால் முதலில் தடை, பிறகு 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைத்தால் போதும்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. 2015 மார்ச் 24 அன்று ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் 69ஏ-வைச் செல்லும் என்று விட்டுவைத்தது. அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, தடைக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும், அதனால் பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றத்தில் எதிர்க்க முடியும் என்பது. சரி, கண்ணில் படாத ஆணையை எப்படி எதிர்ப்பது?

வரதட்சணையைக் கிண்டல் செய்து, மாப்பிள்ளையின் 'விலை'யைக் கணக்குப் போட்டுச் சொல்லும் ஒரு நையாண்டித் தளம் இருந்தது. ஒரு பத்திரிகையாளர் நடத்தியது. 2018-இல் தடுத்துவிட்டார்கள். அவருக்கு நோட்டீஸும் வரவில்லை, ஆணையும் வரவில்லை. ஆணையைக் கையில் வாங்குவதற்கே அவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2022 மே மாதம்தான் நகலைக் கொடு, அவர் தரப்பைக் கேள் என்று நீதிமன்றம் உத்தரவிட்டது.

1975 நெருக்கடி நிலையில் இந்தியன் எக்ஸ்பிரஸ் தலையங்க இடத்தை வெள்ளையாக விட்டு அச்சடித்தது. அன்று தணிக்கை நடந்தது வாசகன் கண்ணுக்கே தெரிந்தது. இன்று வெள்ளை இடம்கூட மிஞ்சுவதில்லை.

விகடன் தளம் முடங்கியபோது நடந்தது என்ன?

அமெரிக்காவிலிருந்து இந்தியர்கள் விலங்கிட்டு அனுப்பப்பட்ட நேரம் அது. டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு கார்ட்டூனை விகடன் பிளஸ் இதழ் 2025 பிப்ரவரி 10 அன்று வெளியிட்டது. பாஜக மாநிலத் தலைவராக இருந்த அண்ணாமலை புகார் கொடுத்தார். பிப்ரவரி 15 மாலையிலிருந்து பலருக்குத் தளமே திறக்கவில்லை.

தேதிகளைக் கவனியுங்கள். தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்திடமிருந்து விகடனுக்கு நோட்டீஸ் வந்தது அடுத்த நாள்தான். குழுவின் கூட்டம் அதற்கும் அடுத்த நாள். அதாவது கேட்பதற்கு முன்பே தண்டனை ஆரம்பித்துவிட்டது. தடுத்தது ஒரு படத்தை மட்டும் இல்லை. 1926-இல் தொடங்கிய ஒரு பத்திரிகை நிறுவனத்தின் தளம் முழுவதும் போனது. சமையல் குறிப்பு தேடி வந்தவரும் வெளியேதான் நின்றார்.

சென்னை உயர் நீதிமன்றம் மார்ச் 6 அன்று, கார்ட்டூன் இருக்கும் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று உத்தரவிட்டது. தளம் திரும்பியது நல்லது. ஆனால் ஒரு கேலிச்சித்திரத்தால் வெளிநாட்டு நட்புறவு கெடுமா என்ற மூலக் கேள்விக்குப் பதில் வருவதற்குள் படம் இறங்கியாக வேண்டியிருந்தது. அதைப் பத்திரிகைக்கு முழு வெற்றி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

வெளியிடும் முன்பே தடுக்க அரசுக்கு உரிமை இல்லை என்கிறார்களே, அது எந்த வழக்கு?

தமிழ்நாட்டு வழக்குதான், ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு. ராஜகோபால் என்பது நக்கீரன் கோபால்.

கொலை வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர் சிறையில் தன் கதையை எழுதினார். அதில் காவல் அதிகாரிகள் உட்படப் பல அதிகாரிகளோடு தனக்கு இருந்த தொடர்பைச் சொல்லியிருந்ததாகச் செய்தி. நக்கீரன் அதைத் தொடராகப் போடப்போவதாக அறிவித்தது. 1994 ஜூனில் சிறைத் துறைத் தலைவர், இது பொய், சங்கர் இப்படி எழுதவே இல்லை, வெளியிடக் கூடாது என்ற பொருளில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். விஷயம் உச்ச நீதிமன்றம் போனது.

1994 அக்டோபர் 7 தீர்ப்பு இரண்டு விஷயங்களைச் சேர்த்தே சொன்னது. ஒன்று, தனி மனிதருக்குத் தன்னைத் தன் போக்கில் விட்டுவிடச் சொல்லும் உரிமை உண்டு. அவர் சம்மதமில்லாமல் அவருடைய குடும்பம், திருமணம், படிப்பு போன்றவற்றைப் பற்றி எழுதக் கூடாது. ஆனால் நீதிமன்ற ஆவணம் போன்ற பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம். இரண்டு, அரசுக்கும் அதிகாரிகளுக்கும் தங்கள் அலுவல் நடத்தை விஷயத்தில் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அவதூறு வந்துவிடுமோ என்ற பயத்தில் முன்கூட்டியே தடுக்கச் சட்டம் எதுவும் இடம் தரவில்லை. வெளிவந்த பிறகு வேண்டுமானால் வழக்குப் போடட்டும்.

அந்தரங்கமும் கருத்துரிமையும் ஒன்றுக்கொன்று எதிரி என்று பேசுபவர்களிடம் நான் இந்தத் தீர்ப்பைத்தான் காட்டுவேன். குடிமகனுக்குத் திரை வேண்டும், அதிகாரிக்கு வெளிச்சம் வேண்டும் என்று 30 ஆண்டுக்கு முன்பே தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். இன்றைய சட்டங்கள் பலவும் இதைத் தலைகீழாக்கிக்கொண்டிருக்கின்றன.

அரசை விமர்சித்து முகநூலில் எழுதினால் கைது செய்வார்களா?

விமர்சனம் குற்றமில்லை. ஆனால் 'குற்றமில்லை' என்பதற்கும் 'போலீஸ் வராது' என்பதற்கும் நடுவில் நிறைய தூரம் உண்டு.

இணையத்தில் புண்படுத்தும்படி எழுதுவதைக் குற்றமாக்கிய, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு இருந்த காலத்தில், 2012 அக்டோபரில் மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒரு சிறு தொழிலதிபரைக் கைது செய்தார்கள். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் 16 பேர். அந்தப் பிரிவை 2015-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. ஆனால் அதன் பிறகும் பல ஆண்டுகள் அதே பிரிவில் வழக்குப் பதிந்துகொண்டிருந்தார்கள். 2021-இல் அது தெரியவந்தபோது நீதிபதிகளே அதிர்ச்சியாக இருக்கிறது என்றார்கள்.

இப்போது, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196 (பிரிவினரிடையே பகை மூட்டுதல்), 353 (பீதி, பகை உண்டாக்கும் பொய்த் தகவல்) போன்ற பிரிவுகள்தான் பெரும்பாலும் வருகின்றன. ஒரு எம்.பி. பகிர்ந்த கவிதைக்காகக் குஜராத்தில் போட்ட வழக்கை 2025 மார்ச் 28 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. பேச்சு, எழுத்து தொடர்பான குற்றச்சாட்டில், தண்டனை 3 முதல் 7 ஆண்டுக்குள் வருவதாக இருந்தால், வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை நடத்துவதே முறை என்றும் அது சொன்னது. உங்கள் வழக்கறிஞர் முதலில் எடுக்க வேண்டிய தீர்ப்பு அது.

இன்டர்நெட்டையே மொத்தமாக நிறுத்த முடியுமா?

முடியும். தமிழ்நாட்டிலேயே செய்திருக்கிறார்கள். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்தச் சொல்லி உள்துறைச் செயலர் ஆணையிட்டார். வதந்தியைத் தடுக்க என்றார்கள். சுடப்பட்டவர்கள் யார், யார் எந்த மருத்துவமனையில் என்று வீட்டார் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. வதந்தியோடு சேர்த்து உண்மைத் தகவலும் நின்றுபோகும் என்பது ஆணை போட்டவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் நிறுத்தியதில் 4ஜி வேகம் திரும்பியது 2021 பிப்ரவரியில்தான். அந்த வழக்கில் (அனுராதா பாசின் வழக்கு, 2020 ஜனவரி 10) உச்ச நீதிமன்றம், முடக்க ஆணைகளை வெளியிட்டே ஆக வேண்டும், காலவரையின்றி முடக்கக் கூடாது என்றது. 2024 நவம்பரில் வந்த புதிய விதிகளும் ஆணையை வெளியிடச் சொல்கின்றன. ஒரு ஆணைக்கு அதிகபட்சம் 15 நாள். உங்கள் மாவட்டத்தில் முடக்கம் வந்தால் உள்துறைத் தளத்தில் ஆணையைத் தேடுங்கள். இல்லை என்றால் அதுவே ஒரு ரிட் மனுவுக்கான காரணம்.

வாட்ஸ்அப் செய்தியைப் போலீஸ் படிக்க முடியுமா?

நடுவழியில் படிக்க முடியாது. அனுப்பியவர் போனிலும் பெறுபவர் போனிலும்தான் செய்தி திறந்திருக்கும், நிறுவனத்தின் சர்வரில் பூட்டியே போகும். யார், யாருக்கு, எப்போது என்ற விவரம் வேறு. சட்டப்படி கேட்டால் அதில் ஒரு பகுதியாவது நிறுவனத்தால் தர முடியும்.

பெரும்பாலும் விஷயம் வெளியே போவது சாதாரண வழிகளில்தான். போனைக் கைப்பற்றித் திறப்பது ஒன்று. குழுவில் இருக்கும் ஒருவரே ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கொடுப்பது இன்னொன்று, அதுதான் அதிகம். மூன்றாவது பேக்கப். கூகுள் டிரைவில் சேரும் வாட்ஸ்அப் பேக்கப் தானாக அப்படிப் பூட்டப்படுவதில்லை. அமைப்புகளில் சாட்ஸ், சாட் பேக்கப் போய், முழு மறையாக்க (end-to-end encrypted) பேக்கப்பை நீங்களே இயக்க வேண்டும். இதைப் படித்து முடித்ததும் செய்துவிடுங்கள். ஆனால் கடவுச்சொல்லை மறந்தால் பழைய செய்திகள் போனது போனதுதான்.

ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்கிறது 2021 ஐடி விதிகளின் 4(2). இந்த விவாதம் சூடுபிடித்தது சென்னையில்தான். சமூக ஊடகக் கணக்குகளை ஆதாரோடு இணைக்கக் கோரி 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கில், ஒவ்வொரு செய்தியோடும் அனுப்பியவர் அடையாளத்தைச் சேர்த்து அனுப்பலாம் என்று சென்னை ஐஐடி பேராசிரியர் காமகோடி யோசனை சொன்னார். ஒருவர் சொன்னதை வேறொருவர் வெட்டி ஒட்டி அனுப்பினால் 'முதல் ஆள்' யார் என்று எதிர்த்தரப்பு கேட்டது. விதியை எதிர்த்து வாட்ஸ்அப் போட்ட வழக்கு டெல்லி உயர் நீதிமன்றத்தில் இருக்கிறது. மறையாக்கத்தை உடைக்கச் சொன்னால் இந்தியாவை விட்டே போய்விடுவோம் என்று 2024 ஏப்ரலில் அங்கே சொன்னார்கள். போவார்களா என்பது வேறு விஷயம்.

போன் ஒட்டுக்கேட்பு?

பொது அவசர நிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்ற காரணம் இருந்தால், உள்துறைச் செயலர் மட்டத்தில் ஆணை போட்டுச் செய்யலாம். 1996-இல் மனித உரிமை அமைப்பான பியூசிஎல் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடுகள் விதித்தது. 2025 ஜூலை 2 அன்று சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இன்னும் ஒரு படி போனார். ஒரு லஞ்ச வழக்கில் 2011-இல் போட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை ரத்து செய்து, குற்றத்தைக் கண்டுபிடிக்க வசதி என்பதற்காக ரகசியமாக ஒட்டுக்கேட்பதை அன்றைய சட்டம் அனுமதிக்கவில்லை என்றார்.

பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் போல ஆணையே இல்லாமல் போனுக்குள் புகுந்தால் நிலைமை வேறு. உச்ச நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்து 5-இல் ஏதோ ஒரு உளவு மென்பொருள் இருந்ததாகச் சொன்னது. அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. மத்திய அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாகத் தலைமை நீதிபதியே 2022 ஆகஸ்டில் நீதிமன்றத்தில் தெரிவித்தார்.

விபிஎன் பயன்படுத்துவது சட்டவிரோதமா?

விபிஎன் என்பது உங்கள் இணைய இணைப்பை வேறொரு சர்வர் வழியே மறைத்து அனுப்பும் சேவை. அதைப் பயன்படுத்துவது பொதுவாகச் சட்டவிரோதம் இல்லை. ஜம்மு காஷ்மீரில் சில மாவட்ட நிர்வாகங்கள் அவ்வப்போது தடை போட்டிருக்கின்றன. வாடிக்கையாளர் பெயர், முகவரியை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிஇஆர்டி-இன் (CERT-In) உத்தரவிட்டதும் எக்ஸ்பிரஸ்விபிஎன், நார்ட்விபிஎன் போன்றவை இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துவிட்டன. இலவச விபிஎன் செயலிகளில் பல உங்கள் தரவை விற்றுத்தான் பிழைக்கின்றன. ஒருவரிடம் மறைக்க இன்னொருவரிடம் எல்லாவற்றையும் கொடுப்பதில் அர்த்தமில்லை.

புதிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டதே, இனி நிம்மதிதானே?

2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் 9 நீதிபதிகள் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதற்கு 6 ஆண்டு கழித்து, 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் வர இன்னும் 2 ஆண்டு ஆனது, 2025 நவம்பரில்தான் வெளியாகின. நிறுவனங்கள் மீதான முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் கட்டாயம்.

நல்லது இருக்கிறது. சம்மதம் கேட்கும் அறிவிப்பைத் தமிழில் கேட்டு வாங்கலாம். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் அந்தப் பணம் அரசுக் கருவூலத்துக்குப் போகும், தரவு கசிந்து பாதிக்கப்பட்ட உங்களுக்கு ஒரு ரூபாயும் வராது. மத்திய அரசு அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு மொத்தச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுக்க 17-ஆவது பிரிவில் வழியிருக்கிறது.

எனக்கு அதைவிட உறுத்துவது அதே சட்டத்தின் 44(3). இது ஆர்டிஐ சட்டத்தின் 8(1)(ஜே)-வைத் திருத்துகிறது. முன்பு தனிப்பட்ட தகவலை மறுக்க வேண்டுமென்றால் அதற்குப் பொது நடவடிக்கையோடு தொடர்பில்லை என்றோ தேவையின்றி ஒருவர் அந்தரங்கத்தில் நுழைகிறது என்றோ காட்ட வேண்டும். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்ற வரியும் இருந்தது. இப்போது 'தனிப்பட்ட தகவல்' என்றாலே மறுக்கலாம்.

கிராம அளவில் இதன் பொருளைப் பாருங்கள். நூறு நாள் வேலையில் யார் பெயரில் எவ்வளவு கூலி போட்டிருக்கிறார்கள், இலவச வீடு யாருக்கு ஒதுக்கினார்கள், சாலை ஒப்பந்தம் எடுத்தவர் யார் என்று கேட்டுத்தான் போலிப் பயனாளிகளைப் பிடிக்கிறார்கள். எல்லாமே ஒரு மனிதரின் பெயரோடு வரும் தகவல்தான். தர விரும்பாத அலுவலருக்கு இனி ஒரே வரி போதும். ஆர்டிஐ சட்டத்தின் 8(2)-இல் பொதுநலன் கருதித் தரலாம் என்று இருக்கிறதே என்கிறது அரசு. உண்மைதான், மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். இனி இது வழக்கமாகட்டும்.

விடுதலையான வழக்கில் என் பெயர் கூகுளில் வருகிறது. எடுக்க முடியுமா?

இப்போதைக்கு உறுதியான வழி இல்லை. இதே கோரிக்கையோடு வந்த ஒருவருக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2021-இல் மறுத்தார். 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு, தீர்ப்பை நீக்கச் சொல்லி, தீர்ப்புகளைத் திரட்டி வெளியிடும் இந்தியன் கானூன் தளத்துக்கு உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. என் கருத்து, தீர்ப்பு பொது ஆவணமாக இருக்கட்டும், தேடுபொறியில் பெயரைத் தட்டினால் வராதபடி செய்தால் போதும்.

அப்படியென்றால் எதையுமே நீக்கக் கூடாது என்கிறீர்களா?

இல்லை. ஒருவரின் அந்தரங்கப் படத்தையோ மார்ஃபிங் செய்த படத்தையோ போட்டால், பாதிக்கப்பட்டவர் புகார் செய்த 24 மணி நேரத்துக்குள் (2026 பிப்ரவரியிலிருந்து 2 மணி நேரத்துக்குள்) தளம் அதை எடுத்தாக வேண்டும். 2021 விதிகளின் 3(2)(பி) இது. தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் புகார் செய்யலாம். குழந்தைகள் தொடர்பான ஆபாசத்தை எந்தத் தயக்கமும் இல்லாமல் தடுக்க வேண்டும்.

இலங்கையில் நிலைமை என்ன?

அங்கே 2024 ஜனவரியில் இணையவழிப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு எது பொய்யான கூற்று என்று தீர்மானிக்கலாம். அந்தச் சட்டம் இல்லாமலேயே 2022 ஏப்ரல் 3 அன்று, போராட்ட நேரத்தில், சமூக ஊடகங்களைப் பல மணி நேரம் முடக்கினார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

என் பதிவையோ சேனலையோ இந்தியாவில் முடக்கிவிட்டார்கள். முதலில் என்ன செய்வது?

ஆதாரத்தைச் சேருங்கள். முடக்கச் செய்தியைத் தேதி, நேரத்தோடு படம் எடுங்கள். தளத்திலிருந்து வந்த மின்னஞ்சலை, ஸ்பாம் பெட்டி உட்படத் தேடுங்கள். எக்ஸும் யூடியூபும் அரசின் கோரிக்கை என்றால் பெரும்பாலும் ஒரு மின்னஞ்சல் அனுப்பும். அதில் 69ஏ என்றிருக்கிறதா, 79(3)(பி) என்றிருக்கிறதா, நீதிமன்ற ஆணையா என்று பாருங்கள். அடுத்து யாரிடம் போவது என்பது அதைப் பொறுத்தது.

நிறுவனமே தன் விதிப்படி நீக்கியது என்றால், முதலில் அதன் குறைதீர் அலுவலர். பதில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழு. கட்டணம் கிடையாது.

அரசு ஆணை என்றால், மின்னணுவியல் மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கும், செய்தித் தளமாக இருந்தால் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கும், ஆணையின் நகல் கேட்டு எழுதுங்கள். நான்தான் இதை எழுதியவன், என்னை அடையாளம் காண்பதில் சிரமம் எதுவும் இல்லை, 8-ஆவது விதிப்படி எனக்கு நோட்டீஸ் வரவில்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும், 16-ஆவது விதியைக் காட்டி மறுத்தாலும், அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவில் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். அடையாளம் தெரிந்த எழுத்தாளருக்கு நோட்டீஸ் கொடுப்பது கட்டாயமா என்ற கேள்வியில் உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. உங்கள் மனுவில் அதையும் ஒரு பத்தியாகச் சேர்க்கச் சொல்லுங்கள்.